பால் பண்ணைத் தொட்டியில காய்ச்சின பீர்

கிராஃப்ட் பீர்னா விலை கூடின பீர்னுதான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படாத சின்ன ஆலையில, ருசியைப் பார்த்துக் காய்ச்சுறதாம்.

ஜாக் மெக்காலிஃப்னு ஒருத்தர். அமெரிக்கக் கடற்படை வேலையா ஸ்காட்லாந்துல இருந்தப்ப அந்த ஊர் ஏல்ங்கிற பீர் வகை நாக்குல ஒட்டிக்கிச்சு. ஊர் திரும்பினா எங்க பார்த்தாலும் ஒரே மாதிரி வெளிறின லாகர்ங்கிற இன்னொரு பீர் வகைதான். 1976ல கலிஃபோர்னியாவுல, சோனோமாவுல ‘நியூ ஆல்பியன்’ ஆலையைத் தொடங்கினார். பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வாங்கி, தானே வெல்டிங் வச்சுக் கட்டினது! 1982ல மூடவேண்டியதாப் போச்சு, பாவம்.

ஆனா பொறி பத்திக்கிச்சு. 1978ல அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் போட்ட கையெழுத்துல, வீட்டுல பீர் காய்ச்சுறதுக்கு இருந்த மத்திய அரசுத் தடை நீங்குச்சு. அடுப்படியில கை பழகினவங்க பல பேர் பின்னாடி ஆலையே போட்டாங்க. 1980ல ‘சியரா நெவாடா’ங்கிற ஆலையில காய்ச்ச ஆரம்பிச்ச கென் கிராஸ்மனும் அப்படி வந்தவர்தான்.

எனக்குப் பிடிச்ச சூட்சுமம், பீர்ல போடுற ஹாப்ஸ்ங்கிற பூவுல இருக்கு. முளைகட்டின வாற்கோதுமைச் சாறு கொதிக்க ஆரம்பிச்சதும் போட்டா கசப்பு இறங்கும். அதே பூவை இறக்குற நேரத்துல போட்டா வாசனை தூக்கும். ரசத்துக்குக் கொத்தமல்லி கடைசியில போடுற கதைதான்!