பிடித்த நகைச்சுவையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால்

அமெரிக்க நகைச்சுவையாளர் கேரிசன் கீலர் என் மனதுக்கு நெருக்கமானவர். 1974-ல் மினசோட்டாவில் அவர் தொடங்கிய ‘எ பிரெய்ரி ஹோம் கம்பேனியன்’ வானொலி நிகழ்ச்சியில், லேக் வோபகான் என்ற கற்பனை ஊரின் கதையை நிதானமாகச் சொல்வார் பாருங்கள், அதற்கு ஈடே இல்லை. இல்லாத பவுடர்மில்க் பிஸ்கட்டுக்கு விளம்பரம் செய்து, விளம்பரங்களையே பகடி செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் தரப்பிலிருந்து, நிகழ்ச்சியின் பெயரைப் பகடி செய்த ஒரு டி-ஷர்ட்டுக்காக 2005-ல் வக்கீல் நோட்டீஸ் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் ஒரு போன் போட்டுப் பேசியிருக்கலாம்.

அமெரிக்காவில் வேறொரு நகைச்சுவையாளர் தரப்பு அனுப்பிய இதே மாதிரி நோட்டீசைக் கையாண்டதில் கற்றதைச் சொல்கிறேன்.

நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு. கோர்ட் பெயரும் வழக்கு எண்ணும் இருந்தால் அது சம்மன். ஃபெடரல் கோர்ட்டில் பொதுவாக 21 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். நோட்டீசில் உள்ள கெடு வக்கீல் தானாக வைத்தது. அதற்காக அதைக் கிடப்பில் போடாதீர்கள். தெரிந்தே மீறினார் என்று பிறகு வாதிட அது இடம் கொடுக்கும். அவகாசம் வேண்டுமென்று ஈமெயிலில் கேளுங்கள். டிசைன், விற்பனைக் கணக்கு, கடிதங்கள் எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து, கேட்பது காப்புரிமையா (காபிரைட்), டிரேட்மார்க்கா என்று பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வெறும் தலைப்புக்கோ சிறு சொற்றொடருக்கோ காப்புரிமை கிடையாது. டிரேட்மார்க் என்றால் பதிவு எண்ணையும், எந்த வகைப் பொருள் அல்லது சேவைக்குப் பதிவு என்று காட்டும் வகுப்பு எண்ணையும் சரிபாருங்கள்: துணிமணி 25, கேளிக்கை நிகழ்ச்சி 41. 41-ல் மட்டும் பதிவு இருந்தாலும் டி-ஷர்ட் தப்பிவிடாது. வாங்குபவர் குழம்புவாரா என்பதே கேள்வி. பகடி என்பது அங்கே உதவும். ஆனால் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி நிறுவனத்தின் வழக்கில் 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை மறக்கக் கூடாது: பகடிப் பெயரையே உங்கள் பிராண்டாகப் போட்டு விற்றால், பேச்சுரிமை சார்ந்த தனிப் பாதுகாப்பு கிடைக்காது. பெயரை நெஞ்சில் பெரிதாக அச்சிடுவதும், காலர் லேபிளில் பிராண்டாகப் போடுவதும் ஒன்றல்ல.

விற்கும் தளம் பொருளை நீக்கிவிட்டதா? காப்புரிமைப் புகாராக இருந்தால், நீக்கியது தவறு என்று தளத்துக்கு எதிர்-அறிவிப்பு (கவுன்டர் நோட்டீஸ்) அனுப்பலாம். அதில் பெயர், முகவரி, போன் எண், தவறுதலாக நீக்கினார்கள் என்ற உறுதிமொழி, கோர்ட் அதிகாரத்துக்கு ஒப்புதல், கையெழுத்து எல்லாம் வேண்டும். அவர்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் தளம் அதைத் திரும்பப் போட வேண்டும். உங்கள் முகவரி எதிர்த் தரப்புக்குப் போய்ச்சேரும், யோசித்து அனுப்புங்கள். டிரேட்மார்க் புகாருக்குச் சட்டத்தில் இந்த வழி இல்லை. தளத்தின் விதிதான் கதி.

கடைசியாக, நோட்டீசோடு இணைத்த உறுதிப் பத்திரத்தை அப்படியே கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். ‘மீறியதை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரியை அடியுங்கள். விற்பனையை நிறுத்துவதாக மட்டும், தவறு என்று ஏற்காமல், எழுதலாம். கையிருப்பை என்ன செய்வது, பழைய விற்பனைக்குப் பணம் கேட்க மாட்டார்களா என்ற இரண்டும் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து. அதற்கு முன் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.