காப்பகக் கட்டணத்தை யார் சம்பளத்தில் கழிப்பது?

இரண்டாவது குழந்தைக்குப் பின் காப்பகக் கட்டணம் என் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்று தெரிந்ததும், வேலையை விட்டுவிடலாமா என்று நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தச் செலவை என் வருமானத்தில் மட்டும் கழிப்பது நியாயமே இல்லை. பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் உரியவர்கள் அல்லவா? மேலும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் கட்டணச் சுமை குறைந்துவிடும். ஆனால் இடையில் தவறிப்போன பதவி உயர்வும் ஓய்வூதியச் சேமிப்பும் எளிதில் திரும்பி வருவதில்லை. 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஒரே தொழிலில் உள்ள ஆண் பெண் வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தையின் பிறப்போடு உருவாவதை ஆய்ந்து காட்டியவர். ஆயினும், காய்ச்சலோடு கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வலியை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை. இப்போதைக்கு, இருவரும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, மீதி நேரத்துக்கு மட்டும் காப்பகத்தை நாடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.