நிறம் வந்தால் சுத்தம்: துவாஸில் கிட்டோடு பட்ட பாடு

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கையில் இருந்த மாசு சோதனைக் கிட்டின் கணக்குப்படி, நிலத்தடி நீரைப் பார்க்க அந்த நிலத்தில் போட்ட ஆறு கிணறும் நாசம். கிணறு மட்டுமில்லை, லேபிலிருந்து வந்த குப்பியில் நாங்களே ஊற்றி எடுத்துப்போன சுத்தமான தண்ணீரும் நாசம். அந்தக் கடைசி ஒன்று மட்டும் இல்லாமல் போயிருந்தால் அன்று ராத்திரியே மேனேஜருக்குப் போன் போட்டு ஊரைக் கூட்டியிருப்பேன்.

இடம் சிங்கப்பூரின் துவாஸ். பல வருஷம் லாரி பட்டறையாக ஓடிய நிலம், அடியில் இரண்டு எரிபொருள் தொட்டி. குத்தகை முடிந்து, தொழிற்பேட்டை நிலங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஜேடிசிக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் மண்ணும் நிலத்தடி நீரும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆய்வு செய்து காட்ட வேண்டும், அளவுகளை டச்சுக்காரர்களின் வரம்போடு ஒப்பிடுவது இங்கே வழக்கம். நிலத்தடி நீரில் பென்சீன் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினால் சிக்கல், சைலீனுக்கு அது 70, டொலுயீனுக்கு 1,000. எரிபொருளில் இருக்கும் இந்த மூன்றோடு எத்தில்பென்சீனையும் சேர்த்து பிடெக்ஸ் என்பார்கள்.

லேபுக்கு அனுப்பினால் பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை துளை போடும் மெஷினை நிறுத்தி வைத்தால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் கிட். எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, பூசிய சின்ன டியூப்கள். அன்றைக்கே அடுத்த துளையை எங்கே போடலாம் என்று சொல்லிவிடும்.

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு ஏஆர்டி கிட் பார்த்தவர்கள் நாம், கோடு வந்தால் ஆபத்து என்று மனசில் பதிந்துவிட்டது. இது நேர் எதிர். நிறம் ஏறினால் தண்ணீர் சுத்தம், வெளுத்தால் அழுக்கு. வைரஸ் புரதம் பெரியது, இரண்டு எதிர்ப்பொருள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். பென்சீனின் மூலக்கூற்று எடை வெறும் 78, எதிர்ப்பொருளுக்கோ சுமார் 1,50,000. இவ்வளவு பொடிசை இரண்டு பேர் பிடிக்க இடமே கிடையாது. அதனால் போட்டி வைக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு உணவங்காடியில் மேசை பிடிப்பது மாதிரிதான். நொதி, அதாவது என்சைம், ஒட்டிய அதே சாயல் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கூடவே ஊற்றுகிறோம். மாசு மூலக்கூறுகள் முதலிலேயே டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டால் நொதிக்காரர்கள் தட்டோடு நின்று, கழுவும்போது வெளியே போய்விடுவார்கள். உட்கார்ந்த நொதிதான் கடைசியில் நிறம் கொடுக்கும், முதலில் நீலம், அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சள்.

சரி, கதைக்கு வருகிறேன். கிணற்றுத் தண்ணீரை 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் எடுக்க வேண்டும். வேலையிடத்தில் அதற்கு வயல் (vial) என்றுதான் பேர். "வயல்ல தண்ணி நிரப்பிட்டு இருக்கேம்மா" என்று போனில் சொல்லப்போய், "சிங்கப்பூர்ல ஏதுடா வயல்?" என்று அம்மா கேட்டது தனிக்கதை. குப்பியை விளிம்புக்கு மேல் தண்ணீர் கூம்பி நிற்கும் வரை, குழாயை உள்சுவரில் சாய்த்து, சத்தமில்லாமல் நிரப்ப வேண்டும். மூடித் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டினால் குமிழி எதுவும் மேலே ஓடக்கூடாது. பட்டாணி அளவு குமிழி இருந்தாலே அந்தக் குப்பியை ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் பென்சீன் தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், திறந்த நொடியில் பறந்துவிடும். துவாஸ் வெயிலில் இன்னும் வேகமாக. என் முதல் எட்டுக் குப்பியில் மூன்றைத் திரும்ப எடுத்தேன், மெஷின் ஓட்டும் புதுக்கோட்டை அண்ணன் பக்கத்தில் நின்று, "தம்பி, குழந்தைக்குச் சங்குல பால் குடுக்குற மாதிரி ஊத்து" என்றார். அதற்கப்புறம்தான் கை படிந்தது.

அன்று நான் செய்த பெரிய தப்பு இந்தக் குப்பிகளில் இருந்தே டியூபில் ஊற்றியது. லேபிலிருந்து வரும் குப்பிகளில் ஏற்கெனவே சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். பிஹெச் 2-க்குக் கீழே போனால் பாக்டீரியா பென்சீனைத் தின்னாது, 4 டிகிரி குளிரில் 14 நாள் தாங்கும். லேப் மெஷினுக்கு அது நல்லது. எதிர்ப்பொருளுக்கு விஷம். அந்த அமிலத்தில் அது எதையும் பிடிக்காது, நொதியையும் சேர்த்துத்தான். நொதி ஒட்டாவிட்டால் நிறம் வராது, நிறம் வராவிட்டால் கிட் "அழுக்கு, அழுக்கு" என்று கத்தும். காட்டிக் கொடுத்தது கூடவே பயணம் வந்த அந்தச் சுத்தத் தண்ணீர்க் குப்பி. அதிலும் அமிலம் இருந்தது, அதுவும் வெளுத்தது. இந்தக் குப்பியை எதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று அதற்கு முன் நான் அலுத்துக்கொண்டது உண்டு.

மறுநாள் அமிலமில்லாத குப்பிகளில் புதிதாக எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கன்டெய்னர் கேபினிலேயே சோதித்தேன். ஏர்கான் முக்கியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும், வெளியே மேசை போட்டால் வெயில் பட்ட டியூப் முந்திக்கொண்டு நிறமேறும். எந்த வரிசையில், எத்தனை நொடி இடைவெளியில் ஊற்றினோமோ அதே வரிசையில், அதே இடைவெளியில் நிறுத்தவும் வேண்டும். நடுவில் போன் வந்தது, எடுத்தேன், ஒரு வரிசை முழுக்கப் போச்சு. இப்போதெல்லாம் போன் டைமருக்கு மட்டும்தான், அதுவும் ஃபிளைட் மோடில்.

இந்தத் தடவை படம் தெளிவாக வந்தது. தொட்டிக்குப் பக்கத்து இரண்டு கிணறும் நன்றாக வெளுத்தன, மற்ற நான்கும் நல்ல மஞ்சள். மண்ணுக்கும் இதே கதைதான், ஆனால் எடுத்த நிமிடமே மெத்தனாலில் போட்டுவிட வேண்டும், ஒப்பிட வைக்கும் ஸ்டாண்டர்டிலும் அதே அளவு மெத்தனால் இருக்க வேண்டும். நிம்மதியாகக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்தேன்.

பத்து நாள் கழித்து லேப் ரிப்போர்ட். வேலியோரம் இருந்த ஐந்தாம் கிணற்றில் பென்சீன் 30-ஐத் தாண்டியிருந்தது, கிட் "ஒன்றுமில்லை" என்று சொன்ன அதே கிணறு. முதலில் லேப் மேல்தான் சந்தேகப்பட்டேன், அப்புறம்தான் கிட்டோடு வந்த மடித்த தாளைப் பின்பக்கம் வரை படித்தேன். எந்தப் பொருளை எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு அட்டவணை. சைலீன், எத்தில்பென்சீன், டொலுயீன் எல்லாம் மேலே. பென்சீன் அடியில் எங்கேயோ கிடக்கிறது.

யோசித்தால் காரணம் நியாயமானதுதான். பென்சீனைத் தனியாக ஊசி போட்டால் எந்த விலங்கின் உடம்பும் அதைக் கண்டுகொள்ளாது, ஒரு பெரிய புரதத்தோடு கட்டித்தான் எதிர்ப்பொருள் உண்டாக்க வேண்டும். கட்டுவதற்கு வளையத்தில் ஒரு வால் முளைக்க வைக்கிறார்கள். வால் முளைத்த பென்சீன் பார்ப்பதற்கு டொலுயீன், எத்தில்பென்சீன் சாயல். அதைப் பார்த்துப் பழகிய எதிர்ப்பொருள் வாலில்லாத மொட்டைப் பென்சீனை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறது. தொட்டிப் பக்கம் நான்கும் கலந்து கிடந்ததால் கிட் ஏமாறவில்லை. ஆனால் நான்கிலும் தண்ணீரில் அதிகம் கரைவது பென்சீன்தான், நிலத்தடி நீரோடு முன்னால் ஓடுவதும் அதுதான். வேலியோரம் வந்து சேர்ந்தது அநேகமாக அது மட்டும்.

மேனேஜரிடம் சொன்னபோது திட்டு ஒன்றும் விழவில்லை, "அப்போ வேலிக்கு அந்தப் பக்கமும் பாக்கணும்ல" என்றார், அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவர் நிலம், அனுமதிக் கடிதத்துக்கே மூன்று வாரம் போனது. அங்கே இரண்டு கிணறு போட்ட அன்று கிட்டை அலுவலக ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டேன், எல்லாம் அமிலக் குப்பி, எல்லாம் நேராக லேபுக்கு. ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார், "எங்க தம்பி, அந்த மஞ்சத் தண்ணி சமையல் இன்னிக்கு இல்லையா?"