செருப்பைக் கழற்றிய பிறகு

2016 டிசம்பர் 12 முதல் 2017 மார்ச் 29 வரை ஃபோர்ட் கொச்சியில் நடந்த மூன்றாவது கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் ஆர்ட் மீடியேட்டராக வேலை பார்த்தேன். பார்க்க வருகிறவர்களோடு கூடவே நடந்து, படைப்புகளைப் பற்றிப் பேசுகிற வேலை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் வந்து சேருவார்கள். "இதுல என்னம்மா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். மற்ற எல்லோருக்கும் புரிகிறது, நமக்கு மட்டும் புரியவில்லையோ என்கிற தயக்கம்.

முக்கியக் களம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 19ஆம் நூற்றாண்டில் மிளகும் கயிறும் ஏற்றுமதி செய்த வணிக நிறுவனத்தின் கட்டடங்கள், கடலைப் பார்த்தபடி நிற்பவை. அதில் ஒரு பழைய குடோன் முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா. 'வேதனையின் கடல்' என்று பெயர். தண்ணீருக்குள் நடந்து எதிர்ச்சுவர் வரை போக வேண்டும். பக்கச் சுவர்களில் சின்னச் சின்னக் கேள்விகள்: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்று. கடைசிச் சுவரில் ஒரு கவிதை.

முதல் இரண்டு வாரம் நான் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். 1973இல் சிலியில் நடந்த ராணுவப் புரட்சி, சுரீத்தாவைக் கைது செய்து கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைத்தது, 2015இல் அகதிகள் படகு கவிழ்ந்து துருக்கிக் கடற்கரையில் உயிரற்றுக் கரை ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தி... மரியாதையாகத் தலையாட்டிக் கேட்பார்கள். உள்ளே போய் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தண்ணீருக்கு அங்கே வேலையே இல்லாமல் செய்துவிட்டேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அப்புறம் வாசலில் மூன்றே விஷயம்தான் சொன்னேன். "செருப்பை இங்க விடுங்க. பேன்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டிக்குங்க. மெதுவா நடங்க." பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வார்கள். முதல் பத்தடிக்கு ஒரே சிரிப்பும் சத்தமும். பாதி தூரத்தில் பேச்சு தானாக நின்று, கால்கள் தண்ணீரை அளையும் சத்தம் மட்டும் கேட்கும். நான் கூடவே நடந்து, சுவரில் உள்ளதைத் தமிழில் சொல்வேன். மீதிக் கதையெல்லாம் வெளியே வந்து காலைத் துடைக்கும்போதுதான். அப்போது அவர்களே கேட்பார்கள்.

ஒருநாள் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் நான்கு பேர் வந்தார்கள். கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அதில் மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். இறங்கியதும் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடத்தண்ணிதான்" என்றார் மற்றவர்களிடம். அந்த மூன்றரை மாதத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை.

கடைசிச் சுவருக்கு வந்ததும் கவிதையின் பொருளைச் சொன்னேன். ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் இறந்த அவன் அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை. நான் அவன் அப்பன் இல்லை, ஆனால் காலிப் என் மகன் என்கிறார் கவிஞர். பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடல்ல போனவங்கள்ல படம் இல்லாதவங்கதான் கூடுதல், மக்களே" என்றார். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றைக்கு நான் வேறெதையும் விளக்கவில்லை.

அதற்காக, விளக்கமே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் வாய்விட்டுக் கேட்ட பிறகு "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் அர்த்தம்" என்று நழுவுவது அவரை அவமதிப்பது. கேட்டால் தெரிந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் வேறு ஊரில் ஒரு கேலரியில் குறிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதியபோது, அச்சுக்குக் கொடுக்கும் முன் அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணனை வாசிக்கச் சொல்வேன். அவர் தடுக்கிய வரியை மாற்றி எழுதுவேன்.

அதே ஆஸ்பின்வால் முற்றத்தில் ஸ்லொவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்டேகர், மண்ணும் சாணமும் பூசிய பிரமிடு ஒன்றைக் கட்டியிருந்தார். உள்ளே கும்மிருட்டு. சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும். ரோமிலிருந்து துரத்தப்பட்ட பழங்காலக் கவிஞர் ஓவிட் தொடங்கி பாலஸ்தீனத்தின் மஹ்மூத் தர்வீஷ் வரை, சொந்த மண்ணை இழந்த கவிஞர்களின் வரிகள் இருட்டுக்குள் ஒலிக்கும். திண்டுக்கல்லிலிருந்து பேரனோடு வந்த ஒரு பாட்டி வெளிச்சுவரைத் தடவி, மோந்து பார்த்து, "சாணி மெழுகினது சரிதான், ஓரம்தான் சரியா வரல" என்றார். எப்படி மெழுகியிருக்க வேண்டும் என்று எனக்குக் கையால் செய்தும் காட்டினார். பிறகு உள்ளே போனார். வெளியே வந்ததும், "யாரு கண்ணு அது, இருட்டுல அழுவுற மாதிரி பேசுறது?" என்று கேட்டார். சொன்னேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.