மானியம் வந்தபின் வரும் செலவு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சிறார் நீதிமன்றமும், உயில், பாதுகாவலர் வழக்குகளைப் பார்க்கும் புரோபேட் நீதிமன்றமும் அலுவலகக் கணினிச் செலவுக்காக வழக்குத் தாக்கலின்போது 10 டாலர் வரை கூடுதலாக வசூலிக்கலாம். வழக்கு குறைந்த சின்ன கவுன்ட்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) அது எந்த மூலைக்கு? 2015 முதல் மாநில உச்ச நீதிமன்றம் தரும் தொழில்நுட்ப மானியம்தான் அங்கே கைகொடுக்கிறது.

விண்ணப்பத்தில் பலர் கோட்டைவிடுவது பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் செலவை. விலைப்புள்ளியில் அதைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே சிறுவனின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருந்தால், புதிய மென்பொருளில் மூன்று ஆட்களாக இறங்கிவிடும். கையால்தான் சேர்க்க வேண்டும். புரோபேட் கோப்புகளில் சமூகப் பாதுகாப்பு எண்மேல் (அமெரிக்காவில் ஒவ்வொருவரின் அடையாள எண்) கறுப்புக் கட்டம் வைத்தால் மட்டும் போதாது, அடியிலுள்ள எழுத்தை நகலெடுத்துவிடலாம். எழுத்தையே நீக்கிவிட்டு ஏற்றுங்கள். மென்பொருளின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்கு அந்த 10 டாலர் நிதியை முன்பே ஒதுக்கிவிடுங்கள்.