முன்சக்கரத்தின் சொந்தப் புத்தி

பாதையில்லா நிலத்தில் ஓடுவதற்கென்று வீட்டில் கட்டிய எங்கள் பகி வண்டியின் வலது முன்சக்கரம் ஒரு பாலை வேரில் ஏறினால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். இடது சக்கரம் ஏறினால் இடப்பக்கம் இழுக்கும். ஸ்ரியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் இதுதான் கதை. வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இதை ஓட்டிப் பார்த்தவர்கள், ஓட்டாமல் நின்று பார்த்தவர்கள் எல்லோருமே சொன்ன மருந்து ஒன்றுதான்: சொக்கை, அதாவது அதிர்வு தாங்கியை, மாற்று. புதுச் சொக் ஒரு சோடி வாங்கும் காசில் ஒரு நீர்ப்பம்பி வாங்கலாம். அதைவிட, சொக்கில் பிழை இருந்தால் வண்டி துள்ளும், குத்தும், தானாகத் திரும்பாது. திருப்பும் வேலை ஸ்ரியரிங்குக்கு உரியது. அங்கேதான் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டியைக் கட்டியவன் என் மச்சான். கனடாவுக்குப் போகும்போது மாட்டுக்கொட்டிலில் விட்டுவிட்டுப் போனான். உடல் முழுக்கத் துருப்பிடித்த ஒரு மாருதி 800ஐ வாங்கி, அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் முன்சக்கரங்களோடு சேர்த்து அப்படியே இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறான். திரும்பிக்கொண்டிருந்த சக்கரங்கள் இப்போது பின்சக்கரங்கள். ஆகவே அவற்றைச் சட்டத்தோடு நிலையான தண்டுகளால் கட்டி, திரும்பாமல் பூட்டியிருக்கிறான். அந்த வேலை திறம். முன்னுக்கு வேறொரு மாருதியின் நக்கிள்கள் (சக்கரக் குடத்தைத் தாங்கித் திரும்பும் இரும்புகள்), முதல் வண்டியின் ஸ்ரியரிங் றாக் (இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்வெட்டிய தண்டு). இதெல்லாம் இறக்குமதி நிற்பதற்கு முன்னர். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எங்கள் பக்கம் பழைய மாருதிக்குக்கூட பவுண் விலை சொன்னார்கள். அந்த நாட்களில் தொடங்கியிருந்தால் இந்த வண்டி பிறந்தே இருக்காது.

நோயைக் கண்ணால் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வண்டியை மரக்குற்றிகளில் ஏற்றினேன். ஸ்ரியரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் கட்டினேன். ரயரைக் கழற்றி, சக்கரக் குடத்தில் இரண்டு அடி நீளப் பலகை ஒன்றைக் கிடையாகப் பூட்டினேன். பலகையின் இரு முனையிலும் தூக்குக்குண்டு நூல். கீழே சீமெந்துத் தரையில் சோக்கட்டிக் கோடு. பிறகு ஜக்கை வைத்து மெல்ல மெல்ல உயர்த்தினேன். பலகை நேராக மேலே ஏறவேண்டும். ஏறவில்லை. முன்முனை வெளியே விலகிக்கொண்டே போனது. நான்கு அங்குலம் ஏறியதும் இரு முனைகளுக்கும் இடையே முக்கால் அங்குல வித்தியாசம். இறக்கிப் பார்த்தேன், அப்போதும் முன்முனை வெளியேதான் போனது. மருமகன் தரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்கள் ஸ்ரியரிங்கைத் தொடவேயில்லை" என்றான்.

காரணம் வட்டங்கள். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒன்று, சட்டத்திலுள்ள அச்சை மையமாக வைத்து ஒரு வில்லை வரைகிறது. சக்கரத்தைத் திருப்பும் ரை றொட், றாக்கின் நுனியை மையமாக வைத்து இன்னொரு வில்லை வரைகிறது. இரண்டும் ஒத்த வில்களாக இருந்தால் சக்கரம் நேராக ஏறி இறங்கும். எங்கள் வண்டியில் கீழ் ஆர்ம் 19 அங்குலம், ரை றொட் 14½ அங்குலம். குட்டையான தண்டு சிறிய வட்டம் போடும்; சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் நுனி ஆர்மைவிடக் கூடுதலாக உள்ளே இழுபடும். நக்கிளின் திருப்புக் கை அச்சுக்குப் பின்னால் இருப்பதால், பின்பக்கம் உள்ளே போக, சக்கரத்தின் முன்பக்கம் வெளியே போகிறது. வலது சக்கரம் ஏறினால் அது வலப்பக்கம் பார்க்கிறது. வேரும் குற்றமில்லை, சொக்கும் குற்றமில்லை. மச்சான் முன்பக்கச் சட்டத்தை ஒடுக்கமாகக் கட்டியது நீளமான ஆர்ம் வேண்டும் என்பதற்காக. நீள ஆர்ம் நல்லதுதான், ஆனால் கையிலிருந்த றாக் அகலமானது. இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொள்ளவில்லை.

றாக்கை வெட்டிக் குறுக்கி ஒட்டலாமா என்று மாங்குளத்தில் கடைச்சல் பட்டறை வைத்திருக்கும் அண்ணையிடம் கேட்டேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில், நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். முடியாது என்ற சொல் அவர் வாயில் அபூர்வம். றாக்கைக் கையில் வாங்கி, பற்களில் அரத்தை ஒருமுறை இழுத்துக் காட்டினார். அரம் வழுக்கியது. "பதப்படுத்திய இரும்பு, தம்பி. சூடு காட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உன் உயிர் இந்தத் தடியில்தான் தொங்குகிறது. நான் செய்யமாட்டேன்." அதற்குமேல் நான் கேட்கவில்லை.

றாக்கை மாற்ற முடியாவிட்டால் மற்றதெல்லாம் றாக்குக்குப் பணியவேண்டும். விதி எளிது: முன்னால் நின்று பார்த்தால், ரை றொட்டின் உள்மூட்டு, மேல் ஆர்மின் உள்மூட்டையும் கீழ் ஆர்மின் உள்மூட்டையும் சேர்க்கும் கோட்டில் விழவேண்டும். வெளிமூட்டும் அப்படியே வெளிக்கோட்டில். மூன்று தண்டுகளையும் உள்ளே நீட்டினால் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டும், இல்லாவிட்டால் மூன்றும் சமாந்தரமாகவாவது இருக்கவேண்டும். நான் சமாந்தரத்தைத் தெரிந்தெடுத்தேன், கீறுவதற்கு இலகு. றாக்கின் இரு மூட்டுகளுக்கும் இடையே 22 அங்குலம். கீழ் ஆர்ம் மூட்டுகளை 21 அங்குல இடைவெளியில் வைத்தேன், அதற்கு ஏழு அங்குலம் மேலே மேல் ஆர்ம் மூட்டுகளை 23 அங்குலத்தில் வைத்தேன், நடு உயரத்தில் றாக். கீழ் ஆர்ம் 15½, மேல் ஆர்ம் 13½, நடுவில் ரை றொட் 14½. மேல் ஆர்ம் குட்டையாக இருப்பதில் இன்னொரு இலாபம்: சக்கரம் ஏறும்போது தலை சற்று உள்ளே சாயும், வளைவில் ரயர் நன்றாகப் பதியும்.

மாருதி நக்கிளின் மேற்பகுதியில் போல் ஜொயின்ற் (எப்பக்கமும் அசையும் உருண்டை மூட்டு) கிடையாது. அங்கே சொக்கின் அடிப்பாகத்தை இரண்டு போல்ட்டால் பிடித்திருப்பார்கள். அந்த இரண்டு ஓட்டையிலும் பொருந்தும் ஒரு தாங்கியை அண்ணை தடித்த தகட்டில் செய்து தந்தார். அதிலேயே மேல் ஜொயின்றை முக்கால் அங்குலம் பின்தள்ளி வைத்தோம். ஏழு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குலம் என்றால் ஏறத்தாழ ஆறு பாகைச் சாய்வு. இந்தச் சாய்வுதான் திருப்பிய ஸ்ரியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. முன்பு அது அறவே இல்லை. மணலில் ஒருமுறை திருப்பினால், மீண்டும் நாம்தான் கையால் இழுத்து நேராக்கவேண்டும். இப்போது ஸ்ரியரிங் கொஞ்சம் பாரம். அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

காலுக்கு இடம் வேண்டுமென்று றாக்கை அச்சுக்கு முன்னால் கொண்டுபோகச் சொன்னவர்கள் உண்டு. அப்படியே தூக்கி வைத்தால் இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும். றாக்கைக் கவிழ்த்துப் போடவேண்டும். நக்கிள்களையும் இடம் வலமாக மாற்றவேண்டும், அதோடு திருப்புக் கைகளின் சாய்வு தலைகீழாகிவிடும். கைகள் இரண்டையும் பின்னோக்கி நீட்டினால் பின்னச்சின் நடுப்பகுதியில் சந்திக்கவேண்டும் என்பது கணக்கு. அப்போதுதான் வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும். இதைக் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்துக் குதிரைவண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர், 1817இல். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்துக் கொடுத்த முகவர் அக்கர்மன். பெயர் முகவருக்குத்தான் போனது. தச்சனுக்கு எந்த ஊரிலும் இதே கதிதான். றாக்கைப் பின்னாலேயே விட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு தகட்டு மூடி அடித்தேன்.

குழாய் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர்க் குழாய் மலிவு, எங்கும் கிடைக்கும், துத்தநாகம் பூசியிருப்பதால் இலகுவில் துருப்பிடிக்காது. அந்தத் துத்தநாகப் பூச்சின் மேல் ஒட்டு வைத்தால் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தவன் இரவு முழுக்கக் குளிர்காய்ச்சலில் நடுங்குவான். அதன் பலமும் ஆர்முக்குக் காணாது. நான் எடுத்தது ஓரங்குல விட்டத்தில் மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்புக் குழாய். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்கள் மட்டும், அவையும் மரை இல்லாத பகுதி தகட்டுக்குள் வரும் நீளத்தில். ரை றொட் நுனிகளுக்கு ரப்பர் மூடி உள்ள சாதாரண கார் உருப்படிகளே போதும். ஓட்டப்பந்தய வண்டிகளில் போடும் திறந்த மூட்டுகள் படத்தில் அழகு. எங்கள் சோளகக் காற்றுக் காலத்துச் செம்புழுதியில் அவை ஒரு பருவம்கூடத் தாங்காது.

சொக் மாறவில்லை. இடம் மாறியது. முன்பு ஆர்மின் நடுவில் நின்றது, இப்போது மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் நிற்கிறது. நடுவில் நின்றால் ஸ்பிரிங்கின் விறைப்பில் சக்கரத்துக்குக் கால்பங்குதான் போய்ச்சேரும். தூர விகிதத்தை வர்க்கமாக்கவேண்டும். மூன்றில் இரண்டு என்றால் ஒன்பதில் நான்கு பங்கு. அதே ஸ்பிரிங் ஏறத்தாழ 1.8 மடங்கு விறைப்பாகிவிட்டது, ஒரு சதம் செலவில்லாமல். இதற்கு விலையாக, சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தில் கால்பங்கு போய்விட்டது. மருமகனுக்கு இதில் கவலை. பாய்ச்சிப் பறக்கவிடும் ஆசை அவனுக்கு. எனக்கு அது இல்லை.

பழைய ஸ்ரியரிங் தண்டில் இரண்டு மூட்டுகள் ஒன்றுக்கொன்று கால்வட்டம் திரும்பிய நிலையில் ஒட்டப்பட்டிருந்தன. அதனால் வளையத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இலேசாகவும் இன்னோரிடத்தில் கனமாகவும் இருந்தது. இரண்டு மூட்டின் கவட்டையும் ஒரே நேரில், இரண்டு மடிப்பும் ஒரே கோணத்தில் என்று அமைத்ததும் அது போய்விட்டது. இடைத்தண்டை முனைக்கு முனை ஒட்டவில்லை. வெளியே உறை போட்டு, உறையில் ஓட்டை துளைத்து ஒட்டி, குறுக்கே ஒரு போல்ட்டும் போட்டோம்.

பிறகு மறுபடியும் பலகை, தூக்குக்குண்டு, ஜக். நான்கு அங்குலம் ஏற்றியபோது நூல்கள் சோக்கட்டிக் கோட்டின் தடிப்பைத் தாண்டவில்லை.

எண்தகடு இல்லாத வண்டியை ஏ34 நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி எங்கள் வயலுக்குத்தான் கொண்டுபோனோம். பாதையில்லா நிலத்தில் ஓடத்தானே இந்த வண்டி என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். வன்னியில் பாதையை விட்டு இறங்குவதற்கு முன் யோசிக்கவேண்டும். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பற்றைக்குள் எந்தச் சக்கரமும் போகாது. ஆண்டாண்டாக உழுத நிலம், வாய்க்கால் கரை, மாட்டு வண்டிப் பாதை, இவ்வளவுதான் எங்கள் மைதானம். அது போதும். அறுவடை முடிந்த வயலின் வரம்புகளைக் குறுக்கே வெட்டி ஓட்டினேன். ஒவ்வொரு வரம்பிலும் சக்கரங்கள் ஏறி இறங்கின, வண்டி நேரே போனது. மருமகன் ஓட்டியபோது ஒரு வரம்பில் ஒற்றைக் கையால் தொப்பியைச் சரிசெய்தான். முன்பு அப்படிச் செய்திருந்தால் கட்டைவிரல் போயிருக்கும்.

ஒரு வேலை மிச்சம். சக்கரம் முழுக்கத் தொங்கி, ஸ்ரியரிங்கும் முழுக்கத் திரும்பியிருக்கும்போது மேல் போல் ஜொயின்ற் அதன் எல்லையைத் தொடுகிறது. லொறியில் பாரம் கட்டும் பட்டியில் துண்டு வெட்டி, ஆர்ம் அதற்குமேல் இறங்காமல் கட்டவேண்டும். பட்டி வாங்கியாயிற்று. பெரும்போக விதைப்புக்கு முன் பூட்டிவிட்டால் நல்லது, மழை தொடங்கினால் கொட்டில் முழுக்க நெல் மூட்டையும் பம்பிகளும்தான்.