மணலிக் காற்றைப் பக்கெட் பக்கெட்டாகப் பிரித்தது

மணலி காற்றுத் தர நிலையத்தின் பழைய பதிவுகளை வைத்து, நாளைக்கு பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய தூசின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டுமா என்று கணித்துப் பார்க்கிறேன். 60 என்பது 2009இல் அறிவிக்கப்பட்ட தேசிய வரம்பு. அதனால் 'தாண்டும், தாண்டாது' என்ற விடையை எங்கே வெட்டுவது என்ற கேள்வியே இல்லை. தலைவலியெல்லாம் உள்ளே போகும் எண்களில்தான்: காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், வெப்பநிலை, முந்தைய நாளின் தூசு. இவை ஒவ்வொன்றையும் சில இடங்களில் வெட்டி, சில பக்கெட்டுகளாக, அதாவது வகைகளாகப் பிரிக்கிறேன்.

தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டு பழைய லேப்டாப்புகளை இணைத்து, ஒரே வேலையைப் பல மெஷின்களுக்குப் பங்கிடும் ஸ்பார்க் மென்பொருளை ஓட்டுகிறேன். "இத்தினூண்டு டேட்டாவுக்கு எதுக்கு மச்சான் ரெண்டு மெஷின்?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். ஒரே மெஷினில் பார்த்தால் புரியாத ஒன்று இதில் புரிந்தது: வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க மெஷின்கள் எவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும் என்பது முறைக்கு முறை மாறுகிறது.

சம அகலமாக வெட்டுவது மலிவு. ஒவ்வொரு மெஷினும் தன்னிடமுள்ள குறைந்ததையும் அதிகமானதையும் சொன்னால் போதும். ஆனால் போகிப் புகை மாதிரி ஒரே ஒரு உச்சம் வந்துவிட்டால் மொத்த அளவும் இழுபட்டு, மற்ற நாட்களெல்லாம் முதல் பக்கெட்டிலேயே குவிந்துவிடும்.

சரி, ஒவ்வொரு பக்கெட்டிலும் சம எண்ணிக்கை வருகிற மாதிரி வெட்டலாம் என்றால், இரண்டு மெஷின்களின் இடைநிலை மதிப்புகளை வைத்துக்கொண்டு மொத்தத்தின் இடைநிலையைச் சொல்லிவிட முடியாது. ஸ்பார்க்கில் இப்படிச் சம எண்ணிக்கையாக வெட்டும் கருவியான குவான்டைல் டிஸ்க்ரிடைசர் இதற்கு கிரீன்வால்ட், கன்னா என்ற ஆய்வாளர்கள் 2001இல் தந்த முறையைத் தழுவியிருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் சிறு சுருக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளும், பிறகு சுருக்கங்கள் சேரும். நாம் எதையும் மாற்றாவிட்டால் பிழை வரம்பு 0.001. அதாவது 1 லட்சம் பதிவுகளை வரிசைப்படுத்தினால் வெட்டும் இடம் 100 பதிவுகள் வரை நகரலாம். நடுவில் இது பொருட்டே இல்லை. மிக மோசமான சில நாட்களைத் தனியாகப் பிரிக்க நினைத்தால் இடிக்கும். காற்றே அசையாத நேரங்கள் நிறைய இருந்தால் ஒரே எல்லை திரும்பத் திரும்ப வரும். அப்போது கேட்ட அளவுக்குப் பக்கெட்டுகள் கிடைக்காது.

அப்புறம் ஃபய்யாத், இரானி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் எழுதிய எம்.டி.எல்.பி. (குறைந்தபட்ச விளக்க நீளக் கொள்கை) முறை. இது 60ஐத் தாண்டியதா இல்லையா என்ற விடையைப் பார்த்துக்கொண்டே வெட்டும். மதிப்புகளை வரிசைப்படுத்தியாக வேண்டும் என்பதால் நெட்வொர்க்கில் பெரிய இடமாற்றம் நடக்கும். ஆனால் விடை மாறும் எல்லைகளை மட்டும் சோதித்தால் போதும். வெட்டுவதால் பயனில்லை என்றால் வெட்டாமலே விட்டுவிடும். என் வெப்பநிலைப் பத்திக்கு ஒரு வெட்டுகூட வரவில்லை, அதைத் தூக்கிவிட்டேன். இந்த முறை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

காற்றின் திசையை மட்டும் எந்த முறையிடமும் கொடுக்கவில்லை. 350 பாகையும் 10 பாகையும் வடக்குதான். வெட்டுகிற முறைக்கோ அவை இரண்டு எதிர்முனைகள். சராசரி எடுத்தால் இன்னும் மோசம், 180 என்று வந்து தெற்கைக் காட்டும். ஆகவே 22.5 கூட்டி, 360ஐத் தாண்டினால் சுற்றிவிட்டு, 45ஆல் வகுத்து எட்டுத் திசைகளாக்கினேன். ஒரு நாளில் எந்தத் திசையிலிருந்து எத்தனை மணி நேரம் காற்று வந்தது என்ற கணக்குதான் உள்ளே போகிறது. மதியத்துக் கடல்காற்று இதில் தனியாகத் தெரிகிறது. இதற்கு மெஷின்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளத் தேவையில்லை.

வெட்டும் இடங்களைப் பழைய ஆண்டுகளிலிருந்து மட்டுமே எடுக்கிறேன். சோதனைக்கு வைத்த ஆண்டு அதில் கலந்தால் முடிவு பொய்யாக நன்றாக வரும். பதிவு விடுபட்ட நேரங்களுக்குத் தனிப் பக்கெட். அடுத்து, வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு மட்டும் காற்றின் வேகத்தைத் தனியாக வெட்டிப் பார்க்க வேண்டும்.